நூற்றொன்றாம் எண்

மலையடிவாரத்தில் இருந்த எங்கள் மடத்தில் ஒன்பது பேர். தொலைபேசி ஒன்று. மாதம் ஒருமுறை பில் வரும். அன்றைக்கு மடத்தில் யாரும் ஞானம் பேசமாட்டார்கள்.

"மெட்ராசுக்கு நான் பேசவில்லை" என்பார் ஒருவர். "நான் பேசியது மூன்றே நிமிஷம்" என்பார் இன்னொருவர். கடைசியில் யார் வாய் சின்னதோ அவர் தலையில் விழும். சிவகாசிக்குப் பேசியதாக என் தலையில் விழுந்த எண்பத்தாறு ரூபாயை நான் மறக்கவில்லை. சிவகாசியில் எனக்கு யாரும் கிடையாது. மடத்தில் நான் சமையல் பார்த்தேன். பெயர் மாரப்பன்.

இந்தச் சண்டையை நிறுத்தியவர் பொன்னம்பலம். லாரி புக்கிங் ஆபீசில் முப்பது வருஷம் எழுதிவிட்டு, அறுபதுக்குமேல் சீடராக வந்தவர். குரு உலகநாத சாமி அவரைவிட ஆறு வயது இளையவர். பொன்னம்பலத்துக்கும் எனக்கும் ஒத்துப்போகாது. சிவகாசியை என் தலையில் கட்டியவரே அவர்தான். ஆனாலும் உள்ளதைச் சொல்லவேண்டும். அந்த வேலையை அவரைப்போல் யாரும் செய்திருக்க முடியாது.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெட்டி வாங்கிவந்து தொலைபேசியோடு இணைத்தார். ஆளுக்கு மூன்று இலக்கத்தில் ஓர் எண். ரிசீவரை எடுத்து அவரவர் எண்ணை அழுத்தினால்தான் வெளியே லைன் கிடைக்கும். மாதக் கடைசியில் பெட்டி ஒரு நீளச் சீட்டைத் துப்பும். யார் எண்ணில், எந்த ஊருக்கு, எத்தனை நிமிஷம் என்று எல்லாம் பிரிந்து வரும். பொன்னம்பலம் அதைக் கத்தரியால் வெட்டி ஆளுக்கொரு துண்டு கொடுப்பார். நான் மூன்றாவது வரை படித்தவன். எனக்கே புரிந்தது. முதல் மாதம் எனக்கு நாலு ரூபாய், மளிகைக் கடைக்குப் பேசியது. சரியாக இருந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

குருவுக்கு நூற்றொன்று கொடுத்தார்.

"எனக்கெதுக்குங்க?" என்று சிரித்தார் குரு.

பொன்னம்பலத்துக்குத் தங்கராசு என்று ஒரு தம்பி. இருவருக்கும் சேர்ந்து ஒரு லாரி இருந்தது. அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தம்பி கேட்காமல் அதை விற்றுவிட்டான். பன்னிரண்டு வருஷமாகப் பேச்சில்லை. போன தை மாதம் தம்பி மடத்து வாசலுக்கே வந்தான். பொன்னம்பலம் விறகுக் கொட்டகைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். குருதான் அவனை பஸ் ஏற்றிவிட்டு வந்தார்.

மூன்றாம் மாதச் சீட்டில், நூற்றொன்றில் நாலு அழைப்புகள் இருந்தன. நாலும் காங்கேயத்துக்கு, ஒரே நம்பருக்கு. நாலும் சனிக்கிழமை காலை, எல்லோரும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போகும் நேரம்.

பொன்னம்பலம் நேராகச் சமையற்கட்டுக்கு வந்தார்.

"மாரப்பா, காங்கேயத்துல உனக்கு யாரு?"

"சிவகாசியில இருக்கறாங்களே, அவங்கதான்" என்றேன்.

"நக்கலா? சனிக்கிழமை மடத்துல இருக்கறது சாமியும் நீயும்தான். சாமி நம்பர்ல பேசினா யாரும் கேக்கமாட்டாங்கன்னு நெனச்சுட்டே."

"சாமிகிட்டயே போய்ச் சொல்லுங்க."

"சொல்லத்தான் போறேன். இந்த மடத்துல ஒண்ணு நீ இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். எனக்கு வேறு போக்கிடம் இல்லை. அது அவருக்கும் தெரியும்.

குரு கூடத்தில் உட்கார்ந்து அறுந்த செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார்.

"சாமி, உங்க நம்பரை இவன் திருடிப் பேசியிருக்கான். இன்னும் இவன இங்க வெச்சிருக்கப் போறீங்களா?"

"இவர்தான்னு எப்படித் தெரியும்?"

"வேற யாருங்க? நீங்க போனையே தொடமாட்டீங்களே."

"யாரு பேசினாங்கன்னு அந்த வீட்டுக்காரங்களுக்குத் தெரியுமே. கூப்பிட்டுக் கேளுங்க."

பொன்னம்பலம் தொலைபேசியிடம் போனார். "உங்க நம்பரைப் போட்டே கேக்கறேன்."

"உங்க நம்பரைப் போடுங்க" என்றார் குரு. "கேக்கறது நீங்கதானே?"

பொன்னம்பலம் தன் எண் நூற்றுநாலை அழுத்தினார். பிறகு காங்கேயத்து நம்பர். உடனே எடுத்தார்கள். கூடத்தில் வேறு சத்தமில்லை. மறுமுனைக் குரல் எனக்கே கேட்டது.

"சாமிங்களா? தங்கராசு பேசறேனுங்க. இன்னிக்குச் சனிக்கிழமை இல்லீங்களே. அண்ணனுக்கு ஒண்ணும் இல்லீங்களே?"

பொன்னம்பலம் வாயைத் திறந்தார். மூடினார்.

"கால் வீக்கம் வடிஞ்சுதுங்களா? மாத்திரையை ஒழுங்கா முழுங்கறாருங்களா? சின்ன வயசுலயே கன்னத்துக்குள்ள ஒதுக்கி வெச்சுத் துப்பிடுவாருங்க, பக்கத்துல நின்னு பாக்கோணும். நான் கேட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க, சோத்தைத் தள்ளி வெச்சுருவாரு. சாமி? லைன்ல இருக்கீங்களா?"

குரு செருப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தங்கராசு கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிட்டான். அதற்குப் பிறகும் பொன்னம்பலம் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார்.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. மறுநாள் காலையில் மட்டும் எண்ணெய் டின்னின்மேல் எண்பத்தாறு ரூபாய் இருந்தது, சில்லறையோடு.

அடுத்த மாதச் சீட்டு வந்தது. எட்டுத் துண்டுகளை உரியவர்களுக்குக் கொடுத்துவிட்டு, தன் துண்டோடு குருவின் முன்னால் வந்து உட்கார்ந்தார் பொன்னம்பலம். நான் குருவுக்கு மோர் வைத்துக்கொண்டிருந்தேன்.

"சாமி, உங்க நம்பர்ல இந்த மாசம் ஒண்ணுமே இல்லீங்க."

"ஆமா."

"காங்கேயத்துக்குக் கூப்பிடலீங்களா?"

"இல்லீங்க."

"நாலு சனிக்கிழமையாவா? அவன் போன் பக்கத்துலயே உக்காந்திருப்பானே, சாமி."

சொன்னபிறகுதான் சொன்னது அவருக்கே தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

குரு மோரைக் குடித்து முடித்தார். "உங்க சீட்டுல என்ன இருக்குது?"

"ஒண்ணே ஒண்ணுங்க. அன்னிக்குக் கூப்பிட்டது. நாலு நிமிஷம்."

"நாலு நிமிஷம் என்ன பேசினீங்க?"

"நான் ஒண்ணும் பேசலீங்களே, சாமி."

குரு அந்தத் துண்டை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"பேசாம இருந்ததையும் உங்க பேர்லயே எழுதியிருக்குது" என்றார். "நல்ல பெட்டி வாங்கியிருக்கீங்க, பொன்னம்பலம்."