காலி மைதானம் ஃபுல்லான கதை

நாச்சிமுத்து அன்னிக்கு மடத்துக்குள்ள வந்த வேகத்துல செருப்பைக் கழட்டவே மறந்துட்டாரு.

பாவாத்தாம்மா உக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தாங்க. அவங்கதான் குரு. மடத்துக்கு வர்றதுக்கு முன்னாடி மாவு மில்லு வச்சிருந்தவங்க. நாச்சிமுத்து சிஷ்யன், ரிட்டயர்டான பஸ் கண்டக்டர். வயசுல குருவை விட சிஷ்யன்தான் மூப்பு. அதனால அவங்க பேரைச் சொல்லாம "கண்டக்டரே"ன்னுதான் கூப்பிடுவாங்க. இவரு அவங்களை அம்மான்னுவாரு.

"கண்டக்டரே, செருப்பு."

வந்த வழியே பின்னாலயே போய், வாசல்ல கழட்டிட்டு வந்தாரு.

"அம்மா, இந்த உலகத்துல நியாயம்னு ஒண்ணு இருக்குதுங்களா?"

"உரிச்சுக்கிட்டே பேசுங்க"ன்னு நாலு வெங்காயத்தை அவரு பக்கம் தள்ளிவிட்டாங்க.

விஷயம் இதுதான். நாச்சிமுத்து சம்சாரம் வசந்தாமணிக்கு ரெண்டு முழங்காலும் தேஞ்சு போச்சு. வர்ற வாரம் ஆபரேஷன். அதுக்கப்புறம் தரையில உக்காரக் கூடாது, படுக்கக் கூடாது, ஆயுசுக்கும் கட்டிலும் நாற்காலியும்தான்னு டாக்டர் கண்டிசனாச் சொல்லிட்டாரு. அந்தம்மா அழல, பொலம்பல. ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சு. "அணைக்கட்டுக்கிட்ட, டெண்டு அடிச்சு ராத்திரி தங்கற மைதானம் இருக்குதாமே. ஒரே ஒரு ராத்திரி மண்ணு மேல பாயை விரிச்சு, உங்க பக்கத்துல படுத்துக்கிட்டு வானத்தைப் பாக்கோணும்."

கல்யாணமான நாள்லேர்ந்து நாச்சிமுத்துக்கு நைட் ஹால்ட் ட்யூட்டி. கடைசி ட்ரிப்பு எந்த ஊர்ல முடியுதோ அந்த ஊர்ல, பஸ்ஸுக்குள்ளயே மூணு பேர் சீட்டுல மடங்கிப் படுத்த மனுசன். சம்சாரம் பக்கத்துல படுத்து வானம் பாக்கறதுக்கு எங்க போக? மனசு கரைஞ்சு போயி, "ஆகட்டும் வசந்தா"ன்னு வாக்குக் குடுத்துட்டாரு.

மைதானம் சர்க்காரோடது, பொது ஜனங்களுக்குன்னு விட்டது. ஆனா போன்ல புக் பண்ணாத்தான் உள்ள விடுவாங்க. வந்தது வினை.

"காலையில புக்கிங் தொறக்கும்னாங்கம்மா. குளிச்சு, திருநீறு பூசி, போனைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்தேன். தொறந்துச்சு. 'நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்கவும்'னான்."

"நிரூபிச்சீங்களா?"

"கட்டம் கட்டமாப் படம் காட்டி, இதுல எதெல்லாம் பஸ்ஸுன்னு கேட்டானுங்க. யாரைப் பாத்து! பஸ்ஸையெல்லாம் தொட்டேன். அதுல ஒண்ணு வேனுங்கம்மா. ஸ்கூல் வேனு. அதை நான் தொடல. தப்புன்னுட்டான்."

"அப்புறம்?"

"அவன் ட்ராஃபிக் லைட்டு, ஜீப்ராக் கோடுன்னு என்னைப் பரீட்சை எழுத வச்சு முடிக்கறதுக்குள்ள ஃபுல்லு!"

அம்மா தலையைக் குனிஞ்சு வெங்காயத்தைப் பாத்துக்கிட்டாங்க. கண்ணுல தண்ணி வந்துச்சு. சிரிச்சதா, காரமான்னு வெங்காயத்துக்குத்தான் தெரியும்.

"சரி, ஆபீசுக்குப் போன் போடலாம்னு போட்டேன். ஒரு பொம்பளப் புள்ள..." நாச்சிமுத்து குரலைத் தேனுல நனைச்சு, கழுத்தை ஒரு பக்கம் சாச்சுக்கிட்டு, "'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது'ன்னா. முக்கியம்னா எடுக்கலாமில்லீங்க? பாட்டுப் போடறா! பாட்டு முடியும், மறுபடியும் முக்கியம்பா. மறுபடியும் பாட்டு. காது சுட்டதுதான் மிச்சம்."

"அதோட விட்டுட்டீங்க."

"விடுவனா? சொந்தபந்தம் பூராத்தையும் எறக்கிட்டனில்ல! 'மறுநா இன்னொரு தேதிக்குத் தொறக்கறான், அத்தனை பேரும் ஒரே நேரத்துல அமுக்குங்கடா'ன்னு சொல்லிட்டேன். அண்ணன் மவன், தங்கச்சி மவன், சம்மந்தி, சம்மந்தியோட தம்பி, ஈரோட்டுல நம்ம பொண்ணு கோமதி... ஆளாளுக்கு அவங்கவங்க ஊர்ல இருந்து அமுக்குனாங்க. எல்லாருக்கும் போன்ல வட்டம் சுத்துச்சு. சுத்துச்சு, சுத்துச்சு, அப்படியே நின்னு போச்சு. ஒருத்தருக்கும் கெடைக்கல. பாத்தா ஃபுல்லுங்கறான்."

"மைதானத்துல எத்தனை டெண்டுக்கு எடம் இருக்கும்?"

"பத்துப் பன்னெண்டு இருக்குமுங்க."

"உங்க சொந்தக்காரங்க?"

"அது கெடக்குதுங்க ஒரு கல்யாண மண்டபம் ரொம்ப." நாச்சிமுத்து வெங்காயத்தைக் கீழ வச்சுட்டாரு. "எவனோ ஒருத்தன் அத்தனையும் வளைச்சுப் போட்டுட்டாம்மா. வசந்தா மொகத்தைப் பாக்க முடியல. 'பரவால்லீங்க'ங்கறா. அதைத்தான் தாங்க முடியல. யாரும்மா அவன்? மனுசனா அவன்?"

"தெரியலயே கண்டக்டரே. அந்தத் தேதி என்னிக்கு?"

"இன்னிக்குத்தானுங்க."

"அப்பப் போய்ப் பாத்துட்டு வந்துருவோம். வசந்தாமணியையும் கூட்டிக்கங்க. பாயை எடுத்துக்கச் சொல்லுங்க."

"எடமே இல்லாத எடத்துக்குப் பாய் எதுக்குங்க?"

"உக்காந்து திட்டறதுக்கு."

மத்தியானத்துக்கு மேல டவுன் பஸ் வந்துச்சு. நிக்கறதுக்குள்ள நாச்சிமுத்து ஓடிப் போயி, ஜன்னல் வழியா ஒரு சீட்டுல துண்டைப் போட்டாரு, பின் சீட்டுல பையைப் போட்டாரு, அதுக்கும் பின்னால குடையைப் போட்டாரு. ஏறிப் பாத்தா பஸ்ஸுல ஒரு கெழவரும் ரெண்டு கோழியும்தான். அம்மா துண்டு, பை, குடை எதுவும் இல்லாத சீட்டாப் பாத்து உக்காந்துக்கிட்டாங்க.

அணைக்கட்டு ஸ்டாப்புல எறங்கி, வசந்தாமணிக்காக மெதுவா நடந்து, மைதானத்துக் கேட்டுக்கு வந்தாங்க. வாட்ச்மேன் ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தாரு. கேட்டை ஒட்டி ஒரு பொண்ணு நின்னுக்கிட்டிருந்துச்சு. கூட ரெண்டு சின்னக் குழந்தைங்க. ஸ்கூட்டி மேல டெண்டுத் துணி சுருட்டிக் கட்டியிருந்துச்சு.

கம்பிக்கு அந்தப் பக்கம் மைதானம். அணைத் தண்ணி வரைக்கும் பச்சைப் பசேல்னு பில்லு. ஒரு டெண்டு இல்ல, ஒரு ஆள் இல்ல. ஒரே ஒரு ஆடு மேஞ்சுக்கிட்டிருந்துச்சு.

"இதாங்க ஃபுல்லு?"ன்னாரு நாச்சிமுத்து.

"ஃபுல்லுதானுங்க. கம்ப்யூட்டர்ல அப்படித்தான் காட்டுது"ன்னாரு வாட்ச்மேன்.

"அப்ப அந்த ஆடு புக் பண்ணியிருக்குதாட்டிருக்குது."

வாட்ச்மேனுக்குச் சிரிப்பு வந்துருச்சு. "என்ன பண்ணச் சொல்றீங்க? புக் பண்ணுனவங்க வரல. வராத வரைக்கும் இது அவங்க எடம்."

நாச்சிமுத்து அந்தப் பொண்ணுகிட்டத் திரும்புனாரு. "நீ எதுக்கு சாமி நிக்கறே?"

"ஸ்டெல்லாங்க எம் பேரு. பனியன் கம்பெனில வேலை. புள்ளைங்களுக்கு ரொம்ப நாளாச் சொல்லி ஏமாத்திட்டு வந்தேன். லீவு கெடைச்சது இன்னிக்கு ஒரு நாளுதான். போன்ல பாத்தேன், ஃபுல்லுன்னு வந்துச்சு. யாராச்சும் வராமப் போனா விடுவாங்களோன்னு காலையிலேர்ந்து நிக்கறனுங்க."

வந்துச்சே கோபம் நாச்சிமுத்துக்கு! பஸ்ஸுல படிக்கட்டுல தொங்கறவனைத் திட்டுற குரல் திரும்பி வந்துருச்சு. "வராதவனுக்கு என்னடா எடம்? தானும் வரமாட்டான், வந்தவனையும் விடமாட்டான். கூட்டத்துல எல்லாரும் கண்டக்டரைக் குத்தம் சொல்லுவாங்க, ஆனா வழியை மறிச்சு நிக்கறவன் ஒருத்தன் இருப்பான் பாரு, அவன்தான் இவன்! பச்சப் புள்ளைங்க வெயில்ல நிக்குதுங்க. அவன் மட்டும் எங்கண்ணுல பட்டான்..."

போன் அடிச்சுது. அண்ணன் மவன். அவனுக்கு மெதுவாப் பேசி வழக்கமே கெடையாது. பக்கத்துல நின்ன எல்லாருக்கும் கேட்டுச்சு.

"சித்தப்பா! கெடைச்சிருச்சு! 'இன்று உங்களை அன்புடன் வரவேற்கிறோம்'னு இப்பத்தான் மெசேஜ் வந்துச்சு. அன்னிக்கு வட்டம் சுத்துச்சே, அப்பவே விழுந்திருக்குது. நமக்குத்தான் தெரியல!"

"அப்படியா!"ன்னாரு நாச்சிமுத்து. மொகமெல்லாம் பல்லு.

வச்ச கையோட தங்கச்சி மவன். "மாமா, நான்தான் புடிச்சேன்! யாருக்கும் கெடைக்காதது எனக்குக் கெடைச்சிருக்குது!"

"அப்படியா?"ன்னாரு.

அடுத்து சம்மந்தி. "சம்மந்தி, நீங்க கேட்டு நான் செய்யாம இருப்பனா? நம்ம பேர்ல ஒரு டெண்டு இருக்குதுங்க."

"அப்..."

அதுக்கப்புறம் சம்மந்தியோட தம்பி. அப்புறம் ஒண்ணு விட்ட மச்சான். அப்புறம் யாருன்னே ஞாபகத்துக்கு வராத ஒரு சொந்தம். ஒவ்வொருத்தரும் கோட்டையைப் புடிச்ச மாதிரி சொன்னாங்க. ஒவ்வொரு போனுக்கும் நாச்சிமுத்து ஒரு சுத்து எளைச்சாரு.

வாட்ச்மேன் ஸ்டூலை விட்டு எந்திரிச்சுட்டாரு. "ஏனுங்க, அப்ப அந்த ஃபுல்லு நீங்கதானுங்களா?"

ஸ்டெல்லா அவரைப் பாத்துச்சு. குழந்தைங்க ரெண்டையும் தன் பக்கம் இழுத்துக்கிச்சு.

"உள்ள விடுங்கய்யா!"ன்னு நாச்சிமுத்து வாட்ச்மேன் கையைப் புடிச்சுக்கிட்டாரு. "எல்லாம் என் சொந்தக்காரங்க எடம்தான். நான் சொல்றேன், இந்தப் புள்ளைங்களை விடுங்க."

"முடியாதுங்க. யாரு பேர்ல இருக்குதோ அவங்க ஆதார் கார்டோட நேர்ல வரோணும். அவங்க கூட மூணு பேரு வரலாம், அவ்வளவுதான். மேல கேமரா இருக்குது. எனக்கு வேலை போயிருமுங்க."

"ரத்துப் பண்ணச் சொல்றேன்."

"இன்னிக்குத் தேதிக்கு ரத்தும் ஆகாதுங்க."

அண்ணன் மவனுக்குப் போட்டாரு. "கெளம்பி வாடா."

"சித்தப்பா, நான் சென்னையில இருக்கேன்."

தங்கச்சி மவனுக்குப் போட்டாரு. அவன் ஒரு வளைகாப்புல இருந்தான். சம்மந்தியைக் கேட்டா, "அடடா, நானும் வரோணுமா? எடம் புடிச்சாப் போதும்னு நெனச்சனே"ங்கறாரு.

நாச்சிமுத்து போனைக் கீழ எறக்கறதுக்குள்ள மறுபடியும் அடிச்சுது. மவ கோமதி.

"அப்பா, எனக்கும் கெடைச்சிருக்குதுப்பா. நான் என் பேர்ல போடல. அம்மா பேர்ல போட்டேன்."

அவ்வளவுதான். மனுசனுக்கு உசுரு வந்துருச்சு. "வசந்தா! கார்டு இருக்குதா?"

வசந்தாமணி பர்ஸுல இருந்து கார்டை எடுத்து நீட்டுச்சு. வாட்ச்மேன் பாத்தாரு, மொகத்தைப் பாத்தாரு, தாப்பாளை நீக்குனாரு. "போலாமுங்கம்மா. நீங்களும் கூட மூணு பேரும்."

நாச்சிமுத்து பாயைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு மொத ஆளா ஒரு காலைத் தூக்கி உள்ள வச்சுட்டாரு. திரும்பிப் பாத்தா சம்சாரம் நின்ன எடத்துலயே நிக்குது. அந்தக் குழந்தைங்களைப் பாத்துக்கிட்டு நிக்குது.

"நானு, இந்தப் பொண்ணு, இந்தக் குஞ்சுக ரெண்டு"ன்னு வசந்தாமணி வெரலை மடக்குச்சு.

"நாலுங்க. சரியா இருக்குது"ன்னாரு வாட்ச்மேன்.

"அப்ப நானு?"

"அத்தனை வருசம் நைட் ஹால்ட்டுன்னு வெளியிலதான படுத்தீங்க மாமா? இன்னும் ஒரு ஹால்ட்டு."

சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுச்சு. ஆனா கண்ணு அவரு கக்கத்துல இருந்த பாய் மேலயே இருந்துச்சு. நாச்சிமுத்து வாயைத் தொறந்து வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னாருன்னா வசந்தாமணி கேட்டுக்கும். அது அவருக்கும் தெரியும். "அக்கா, நீங்க ரெண்டு பேரும் போங்க, நாங்க இன்னொரு நாளைக்கு வந்துக்கறோம்"னு ஸ்டெல்லா வேற சொல்லிக்கிட்டிருந்துச்சு.

நாச்சிமுத்து அம்மாவைப் பாத்தாரு. அம்மா ஆட்டைப் பாத்துக்கிட்டிருந்தாங்க.

உள்ள வச்ச காலை வெளிய எடுத்தாரு. பாயைச் சம்சாரம் கையில குடுத்தாரு.

"மெதுவா உக்காரு. கையை ஊணி உக்காரு."

"வானம் எப்படி இருந்துச்சுன்னு காலையில வந்து சொல்றேன்"னுச்சு வசந்தாமணி.

குழந்தைங்க ரெண்டும் பில்லு மேல ஓடுச்சுங்க. ஆடு மெரண்டு ஒதுங்குச்சு. ஸ்டெல்லா ஒரு தோள்ல டெண்டுத் துணியைப் போட்டுக்கிட்டு, இன்னொரு தோளை வசந்தாமணிக்குக் குடுத்துக் கூட்டிக்கிட்டுப் போச்சு. வாட்ச்மேன் கேட்டைச் சாத்துனாரு.

பொழுது எறங்கிருச்சு. நாச்சிமுத்து கம்பியைப் புடிச்சுக்கிட்டுப் பாத்தாரு. தூரத்துல ஒரே ஒரு டெண்டு எந்திரிச்சு நின்னுச்சு. மத்தபடி மைதானம் பூராவும் காலி. பூராவும் அவரு சொந்தக்காரங்க எடம்.

கம்பியை விட்டுத் திரும்பி, கேலி கிண்டல் ஒண்ணும் இல்லாத குரல்ல கேட்டாரு.

"அம்மா, இத்தனை எடத்தையும் புடிச்சு வச்சிருக்கறவன் நான். இப்ப எனக்குன்னு நிக்கறதுக்கு ஒரு எடம் இல்லாமப் போச்சேம்மா?"

"இருக்குதே கண்டக்டரே." அம்மா கேட்டை ஒட்டிக் கையைக் காட்டுனாங்க. "அந்தப் பொண்ணு காலையிலேர்ந்து நின்ன எடம், இப்பக் காலியாத்தான் கெடக்குது."