தேரடி முக்கில் மினுங்கிய மஞ்சள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் புதிரைச் சிரித்துக்கொண்டே கேட்க நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். எனக்கு வயிறு எரிகிறது. அந்த எரிச்சலோடுதான் சொல்லப் போகிறேன்.

எங்கள் ஊர்த் தேரடி முக்கில் பரோட்டாக் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு எதிரே நாலு ரோடும் கூடுகிற இடத்தில் சிக்னல் இருக்கிறது. அன்று காலையில் யாரோ ஒரு பெரிய மனிதரின் கார்கள் அந்த வழியாகப் போகின்றன என்று, சிவப்பும் வேண்டாம், பச்சையும் வேண்டாம், நாலு பக்கமும் மஞ்சள் மட்டும் மினுங்கட்டும் என்று மாற்றி வைத்தார்கள். முக்கு முழுக்கக் காக்கிச் சட்டை. பெரிய மனிதர் போனார். பின்னாலேயே போலீசும் போய்விட்டது. மஞ்சள் மட்டும் உச்சி வெயில்வரை மினுங்கிக்கொண்டே கிடந்தது. சிக்னல் பெட்டியைத் திறந்து பழையபடி மாற்றிவிட ஒரு நாதி இல்லை.

அந்த நேரத்தில் மூன்று பேர் முக்குக்கு வந்தார்கள்.

கிழக்கிலிருந்து காரில் வந்தவர் ஆவுடையப்பன். அமெரிக்காவில் குடியேறியவர், தம்பி மகள் கல்யாணத்துக்கு வந்திருந்தார். அவர் இருக்கிற ஊரில் ஒரு ரோட்டுக்கு மஞ்சள் மினுங்கினால், குறுக்கு ரோட்டுக்குச் சிவப்பு மினுங்குமாம். குறுக்கே வருகிறவன்தான் நின்று வழிவிட வேண்டுமாம்.

மேற்குப் பக்கத்து வெள்ளைக்கோட்டில் ரோட்டைக் கடக்க வந்தவள் ஞானசெல்வி. இங்கிலாந்தில் நர்ஸ், லீவில் வந்திருந்தாள். அங்கே நடப்பவர்கள் கடக்கும் இடத்தில் மஞ்சள் மினுங்கினால், கோட்டில் கால் வைத்தவர்களுக்கு வண்டிகள் வழிவிட்டுத்தான் போக வேண்டும்.

வடக்கிலிருந்து ஆட்டோவில் வந்தவன் மாசானம். வெளிநாடு என்று அவன் போனது திருவனந்தபுரம்வரைதான். நம் ஊரில் மஞ்சள் மினுங்கினால் என்ன செய்வோம்? ஹாரன் அடிப்போம். அவனும் அடித்தான். பின் சீட்டில் என் கடைக்கு முட்டைத் தட்டுகளைக் கழுத்தளவு அடுக்கியிருந்தான். "கயிறு போட்டுக் கட்டுல" என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது. "நம்ம ஓட்டுக்குக் கயிறு எதுக்கு அண்ணாச்சி?" என்பான்.

நான் கல்லில் பரோட்டாவைத் திருப்பிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தேன். ஆட்டோ முக்கின் நடுவில் நின்றது. அதில் மோதாமலிருக்க இடது பக்கம் ஒடித்துத் திருப்பிய கார், மேற்கு வெள்ளைக்கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. ஞானசெல்வி கணுக்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தாள். ஓடிப்போய் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். வருகிற வழியில் ஆட்டோவையும் எட்டிப் பார்த்தேன். முட்டைத் தட்டுகள் அடுக்கியது அடுக்கியபடியே இருந்தன. ஒன்றுகூட விரிசல் விடவில்லை. ராத்திரி வியாபாரம் தப்பியது என்று அந்த நேரத்திலும் என் கடைக்காரப் புத்தி கணக்குப் போட்டது.

எஸ்.ஐ. வந்தார்.

"எனக்கு மஞ்சள் சார். அப்போ அவனுக்குச் சிவப்புதானே? சிவப்பத் தாண்டிக் குறுக்கே வந்துட்டான். அதனாலதான் நான் ஒடிச்சேன்" என்றார் ஆவுடையப்பன்.

"அங்க மஞ்சள் மினுங்குனா நடக்குறவங்களுக்குத்தான் வழி. அந்த நெனப்புல இறங்கிட்டேன்" என்று அழுதாள் ஞானசெல்வி.

"எனக்கும் மஞ்சள்தான்யா மினுங்குச்சு. ஹாரன் அடிச்சிக்கிட்டே உருட்டிக்கிட்டுதான் வந்தேன். காரு பறந்து வாரதப் பாத்ததும் நிறுத்திட்டேன்" என்றான் மாசானம்.

"ஹாரன் அடிச்சா ரோடு உங்க அப்பன் வீட்டு ரோடு ஆயிருமால?" என்று அவன் மேல் பாய்ந்தார் எஸ்.ஐ.

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், அவன் வேகமா வார ஆளில்ல" என்றேன்.

"உம்ம கடைக்கு முட்டை கொண்டு வாரவன். நீரு அப்படித்தான் சொல்லுவீரு. போய்க் கல்லப் பாரும், தீயுது."

நர்ஸை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். காரை "நீங்க போங்க சார்" என்று அனுப்பினார்கள். ஆட்டோவை முட்டையோடு ஸ்டேஷனுக்கு ஓட்டிப் போனார்கள். மாசானத்தின் லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். அது இல்லையென்றால் அவன் வீட்டில் உலை வைக்க வழியில்லை. இளைத்தவனைக் கண்டால் ஏறி மிதிக்கிற புத்தி எந்த நாட்டுச் சட்டத்தில் இருக்கிறதோ, எனக்குத் தெரியவில்லை.

மூன்று பேரும் ஒரே மஞ்சளைத்தான் பார்த்தார்கள். மூவரும் அவரவர் ஊர் வழக்கப்படிதான் நடந்தார்கள். கேட்டுக்கொண்டிருக்கிற நீங்கள் சொல்லுங்கள்: இந்த மூவரில் தப்பு யார் மேல்?

விடை: ஆவுடையப்பன் மேல். மஞ்சள் மினுங்கினால் வேகத்தைக் குறை, பார்த்துப் போ என்பதுதான் இந்த நாட்டு விதி. இங்கே குறுக்கு ரோட்டுக்கும் மஞ்சள்தான். ஞானசெல்வி வெள்ளைக்கோட்டை நம்பி நடந்தாள். நம்பியதைக் குற்றம் என்றால் அந்தக் கோட்டை எதற்குப் போட்டார்கள்? மாசானம் மெதுவாகத்தான் வந்தான் என்பதற்கு முட்டைகளே சாட்சி. கயிறு கட்டாத தட்டு, வேகத்தில் பிரேக் போட்டிருந்தால் சீட்டெல்லாம் கூழாகியிருக்கும். மூவரையும் இப்படி மோதவிட்டுப் போன நான்காவது ஆள், சிக்னல் பெட்டியின் சாவியை வைத்திருப்பவர். அவர் பெயர் எந்த எப்.ஐ.ஆரிலும் வராது. இதையெல்லாம் எஸ்.ஐ.யிடம் சொல்லி, முட்டைகளைக் காட்டி லைசென்ஸை மீட்கலாம் என்று மறுநாள் விடிந்ததும் ஸ்டேஷனுக்கு ஓடினேன். ஆட்டோவின் பின் சீட்டில் வெறும் தட்டுகள் கிடந்தன. கொல்லைப்புறத்தில் முட்டை ஓடுகள் குவிந்திருந்தன. இருந்த ஒரே சாட்சியையும் ராத்திரியே ஆம்லெட் போட்டுத் தின்றுவிட்டார்கள். லைசென்ஸ் மட்டும் மேஜை டிராயரில் பத்திரமாக இருக்கிறது.