வெண்மார்பி விட்ட மூச்சு

புங்கஞ்சோலைக் காட்டில் வெண்மார்பி என்றொரு பெண் கரடி இருந்தது. நெஞ்சில் வெள்ளைக் கோடு இருந்ததால் அந்தப் பெயர். அதன் முதுகில் எப்போதும் இரண்டு குட்டிகள் சவாரி செய்யும். கறையான் புற்றை நகத்தால் பிளந்து, "ஃபூ!" என்று ஊதி மண்ணைப் பறக்கவிட்டு, உள்ளே இருப்பதை உறிஞ்சித் தின்பதில் அதை மிஞ்ச ஆளில்லை.

ஒரு நாள் ஓடைக்கரைப் புற்றருகே சிறுத்தை ஒன்று குட்டிகளின் மேல் பாய்ந்தது. வெண்மார்பி குட்டிகளோடு எப்படியோ தப்பி ஓடி வந்துவிட்டது. அன்றோடு அதன் துணிச்சல் போயிற்று. ஓடைக்கரை என்று நினைத்தாலே வயிறு நடுங்கியது. அதுவோ கடுங்கோடை. மற்றப் புற்றுகளெல்லாம் காலி. ஓடைக்கரையில் மட்டும்தான் கறையான் மிச்சம். தாய் தின்றால்தானே பால் சுரக்கும்? நாலே நாளில் குட்டிகள் அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டு கிடந்தன. பார்க்கவே பாவமாக இருந்தது.

அப்போது மரத்திலிருந்து தொப்பென்று குதித்தது கோதண்டம் என்ற குரங்கு. மலையடிவாரத்தில் மனிதர்கள் நடத்திய யோகா முகாமை அது ஒரே ஒரு நாள் எட்டிப் பார்த்திருந்தது. அந்த ஒரு நாளிலேயே ஆசானாகிவிட்டது!

"கரடியக்கா, உங்களுக்கு என்ன கோளாறுன்னு எனக்குத் தெரியும். மணிபூரகம் மூடிக் கிடக்கு!"

"அது எங்கே இருக்கு தம்பி?"

"தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே. நெருப்புச் சக்கரம்! பசி, தைரியம் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்புது. அதைச் சரிபண்ணிட்டா சிறுத்தை என்ன, யானையே ஒதுங்கிப் போகும்!"

"ஐயோ, சீக்கிரம் சொல்லிக் குடு! பிள்ளைங்க பசியில கிடக்குதுங்க."

"படகு ஆசனம்! மல்லாந்து படுங்க. கையையும் காலையும் தூக்குங்க. மூச்சை இழுங்க! இன்னும் இழுங்க! வயித்துல அப்படியே நிறுத்துங்க!"

வெண்மார்பி கைகால்களைத் தூக்கிக்கொண்டு படுத்தது. படகு மாதிரியா இருந்தது? குடை சாய்ந்த மாட்டுவண்டி மாதிரி இருந்தது.

"விடலாமா தம்பி?"

"விடவே கூடாது! விட்டா சக்தியெல்லாம் வெளியே போயிடும்!"

ஆசானே சொன்ன பிறகு மறுபேச்சு ஏது? தாங்க முடியாதபோது மட்டும், குரங்குக்குத் தெரியாமல் மூக்கு வழியாகக் கொஞ்சம் கசியவிட்டது. இரண்டு நாள் பயிற்சியில் வயிறு உப்பியது. தலை கிறுகிறுத்தது. அந்தக் கிறுகிறுப்பையே பலம் என்று நம்பிவிட்டது அசட்டுக் கரடி.

"ஆகா, சக்தி ஏறுது! இப்பவே போறேன்!"

குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு ஓடைக்கரைக்குப் போனது. புற்றைப் பிளந்தது. ஊதப் போன நேரத்தில் புதரை விலக்கிக்கொண்டு சிறுத்தை எதிரே வந்து நின்றது.

வெண்மார்பி ஆசான் சொன்னபடியே செய்தது. மூச்சை இழுத்தது, இன்னும் இழுத்தது, நிறுத்தியது. கண் பிதுங்கியது. உறுமலாம் என்றால் தொண்டையில் சத்தம் வரவில்லை. ஓடலாம் என்றால் கால் நகரவில்லை.

சிறுத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்ன கரடி, பலாப்பழத்தை முழுசா முழுங்கிட்டியா? அசையாம நில்லு. முதுகுல இருக்கிற ரெண்டையும் நானே எடுத்துக்கறேன்!"

பெரிய குட்டி தாயின் காதைக் கடித்துக் கதறியது. "அம்மா, மூச்சை விடும்மா! மூச்சை விடு!"

வலியில் வெண்மார்பிக்கு வாய் திறந்துவிட்டது. அடைத்துக் கிடந்த மூச்சு மொத்தமும் புற்றின் மேல் பாய்ந்தது. "ஃபூ!" புற்றுமண்ணும் கறையானும் பறந்து போய்ச் சிறுத்தையின் கண்ணில் அப்பின!

"ஐயோ, என் கண்ணு!"

வெண்மார்பி மறுபடி இழுத்தது, மறுபடி விட்டது. இழுத்தது, விட்டது. வயிறு உள்ளே போய் வெளியே வந்தது. என்ன ஆச்சரியம், நடுக்கம் நின்றுவிட்டது! தொப்புளுக்கு மேலே கதகதவென்று இருந்தது. இரண்டு கால்களில் எழுந்து நின்று ஓர் உறுமல் உறுமியது. கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடிய சிறுத்தை முள்ளில் விழுந்து, எழுந்து, பிறகு அந்தப் பக்கம் தலைகாட்டவே இல்லை. தாய் வயிறாரத் தின்றது. சாயங்காலம் குட்டிகள் சப்புக்கொட்டிக்கொண்டு பால் குடித்தன.

கோதண்டம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தது. "பாத்தீங்களா அக்கா, என் யோகாவை!"

"இருடா! அந்த முகாம்ல மூச்சை விடவே சொல்லலியா?"

குரங்கு தலையைச் சொறிந்தது. "சொல்லியிருப்பாங்க அக்கா. இழுத்து நிறுத்துங்கன்னு சொன்னதும் எல்லாரும் கண்ணை மூடிட்டாங்க. அதுதான் சமயம்னு நான் சமையல்கட்டுக்குப் போய் வாழைப்பழத் தாரைத் தூக்கிட்டு வந்துட்டேன்!"

வெண்மார்பி கோபப்படவில்லை. குட்டிகளைத் தட்டிக் கொடுத்தபடி சிரித்தது. "அப்போ மீதியை நான் சொல்றேன், கேட்டுக்கோ. உள்ளே போன மூச்சு வெளியே வந்தாத்தான் வயித்துல இருக்கிற அந்த நெருப்பு எரியும். உட்காரு. இழு. இப்ப விடு!"

குழந்தைகளே, இழுப்பதும் விடுவதும் சமமாக இருக்கிற மூச்சில்தான் துணிச்சல் இருக்கிறது. வயிறு வெடிக்க அடக்கி வைப்பதில் இல்லை.