புனுகு பூசிய பூனைக்குட்டி

இந்தக் கதையில் பூனையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அசடு வழிந்தது அதை வளர்த்தவர்தான்.

கப்பல்கள் பாய் விரித்து வந்த காலத்தில், கடலோரப் பட்டினம் ஒன்றில் சேந்தன் என்றொரு வாசனை வணிகர் இருந்தார். கண்ணைக் கட்டிவிட்டாலும், சந்தனக் கட்டையை முகர்ந்து அது எந்த மலையில் வெட்டியது என்று சொல்லிவிடுவார். அந்த மூக்கைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அவர் வீட்டில் சாம்பி என்ற கிழப்பூனை இருந்தது. பிள்ளையில்லாத வீடு. பன்னிரண்டு வருடமாக அவர் காலடியிலேயே திரிந்த சாம்பியிடம் அவருக்கு உயிர்.

ஒருநாள் துறைமுகத்து மூட்டைகளுக்கு நடுவே தாயில்லாத குட்டி ஒன்று கத்திக்கொண்டிருந்தது. மனம் கேட்காமல் தூக்கி வந்து, பொட்டு என்று பேர் வைத்தார். வீட்டுக்கு வரும் விருந்தாளிக்குச் செய்வதுபோல அதற்கும் புனுகு பூசி, நேரே சாம்பியின் முன்னால் கொண்டுபோய் விட்டார்.

புனுகு எங்கிருந்து வருகிறது? காட்டில் திரியும் புனுகுப் பூனையிடமிருந்து. நமக்கு அது மணம். சாம்பிக்கோ, ஏதோ காட்டு மிருகம் வீட்டுக்குள் புகுந்துவிட்டது! மயிர் சிலிர்த்துச் சீறியது, குட்டியை ஓர் அறை அறைந்தது, கூரைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

முதல் நாள் பால் வைத்தார், இறங்கவில்லை. இரண்டாம் நாள் மீன் வைத்தார், இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஏணி போட்டு ஏறிக் கை நீட்டினார். புனுகு மணம் போகாத விரலை முகர்ந்த சாம்பி அவரை விட்டே விலகிப் போயிற்று. பட்டினி கிடந்தால் கிழ உடம்பு எத்தனை நாள் தாங்கும்?

"ஊரே விரும்பிப் பூசுற புனுகு! இதுக்கு மட்டும் ஏன் ஆகல?" என்று மனைவி வெண்ணியிடம் புலம்பினார்.

"ஊருக்கு வேற மூக்கு, அதுக்கு வேற மூக்கு. இவ்வளவு முகர்ந்து பார்க்கிறீங்களே, அதுக்கு எது பிடிக்கும்னு என்னிக்காவது யோசிச்சீங்களா?" என்றாள் வெண்ணி.

சேந்தனுக்குச் சுருக்கென்றது. வெந்நீரில் பயத்தமாவு கரைத்துக் குட்டியைக் குளிப்பாட்டினார். தன் கையையும் தேய்த்துக் கழுவினார். குட்டியைப் பின்கட்டு அறையில் விட்டுக் கதவைச் சாத்தினார். அன்று மாலையே சாம்பி இறங்கி வந்து பால் குடித்தது.

பிறகு மூன்று நாள், சாம்பி படுத்த துணியைக் குட்டிக்கும், குட்டி படுத்த துணியைச் சாம்பிக்கும் மாற்றி மாற்றிப் போட்டார். அடுத்த மூன்று நாள், மூடிய கதவுக்கு இந்தப்பக்கம் ஒரு கிண்ணம், அந்தப்பக்கம் ஒரு கிண்ணம். அதற்கடுத்த மூன்று நாள், கதவை விரலளவு திறந்து வைத்தார். நடுவில் ஒருநாள் சாம்பி சீறியபோது கதவை மறுபடி மூடிவிட்டு, அந்த மூன்று நாளை முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார். அவசரப்படவில்லை.

கடைசியில் ஒரு காலை கதவை முழுதாகத் திறந்தார். சாம்பி வந்து குட்டியை முகர்ந்தது. பழகிய வாசனைதான். ஒரு முழம் தள்ளிப் போய் வெயிலில் படுத்துக்கொண்டது. குட்டி மெல்ல நகர்ந்து அதன் வயிற்றோரம் ஒண்டியது. சேந்தன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

சாம்பி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது.

புதிய உறவை வீட்டுக்குள் கொண்டுவருகிறவர், பழைய உறவு பழகிக்கொள்ளும்வரை பொறுத்திருக்க வேண்டும்.