பூவரசங்கரைப் பள்ளிக்கு வந்த வண்டிகள்

ரொம்ப காலத்துக்கு முன்னே மாடமணிபுரம் என்கிற பெரிய பட்டணத்தில் இருந்துகொண்டு இடிமுரசர் என்று ஒரு ராஜா நாட்டை ஆண்டுவந்தார். ஏழு நிலைக் கோபுரம், யானை போகிற அகலத்துக்கு வீதி, எல்லாம் இருந்தது அந்தப் பட்டணத்தில். பக்கத்தில் ஆற்றைத் தாண்டினால் எங்கள் பூவரசங்கரை. எங்கள் ஊரில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. வேறொன்றும் இல்லை. எங்களுக்கு அது போதும்.

ஒருநாள் கடல் கடந்து ஒரு தூதர் வந்தார். ராஜாவை வணங்கிவிட்டு, "பள்ளிக்குப் பேர்போன பூவரசங்கரைக்குப் போகிற வழியில் ஒரு ஊர் வரும் என்றார்களே, அது இதுதானா மகாராஜா?" என்று கேட்டுவிட்டார்.

ராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. தூதர் அந்தப் பக்கம் போனதும் நகர அதிகாரி பேரரையர் மெல்ல முன்னால் வந்தார். எங்கள் ஊர் என்றாலே அவருக்கு வயிறு எரியும்.

"மகாராஜா, இதற்கா கவலை? அந்தப் பள்ளியைப் பெயர்த்து இங்கே கொண்டுவந்துவிடுவோம். ஆசான்கள், மாணவர்கள், சுவடிகள் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றினால் தீர்ந்தது. பிறகு பூவரசங்கரை என்று ஒரு ஊர் இருந்ததே யாருக்கும் ஞாபகம் இருக்காது."

"சபாஷ்! வண்டிகளை அனுப்பும்" என்றார் ராஜா.

வண்டிகள் எங்கள் தெருவில் வந்து நின்றபோது ஊரில் அடுப்பு எரியவில்லை. பள்ளியின் தலைமை ஆசான் ஆவுடையம்மை அரண்மனைக்கு ஓடினார்.

"மகாராஜா, பள்ளியை எடுத்தால் எங்கள் ஊர் செத்துப்போகும். வேண்டாம்" என்றார்.

"இங்கே மாடம் கட்டித் தருகிறேன். அப்புறம் என்ன குறை?" என்றார் ராஜா.

அப்போது அமைச்சர் குழைக்காதர் எழுந்தார். எதையும் சிரிக்காமல் சொல்கிற மனுஷர் அவர். "மகாராஜா, செடியைப் பிடுங்குமுன் நம் மண்ணில் அது பிடிக்குமா என்று பார்க்க வேண்டாமா? நாளைக்குச் சபையில் ஒரு சோதனை வைக்கிறேன். சபை தேறினால் முதல் வண்டியை நானே ஓட்டிவருகிறேன். தோற்றால் பள்ளி அங்கேயே இருக்கட்டும்."

"என் சபையாவது தோற்பதாவது! வையும் சோதனையை."

மறுநாள் குழைக்காதர் ஒரு வெள்ளித் தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். அதில் மஞ்சள் பூசி, தேனில் புரட்டிய சின்னச் சின்ன உருண்டைகள்.

"சோதனை இவ்வளவுதான். இது என்ன?"

சபையில் யாரும் யோசிக்கவே இல்லை. அரண்மனை வைத்தியர் முந்திக்கொண்டார். "இது தெரியாதா? வடமலைக் கொட்டை. பித்தத்துக்குக் கைகண்ட மருந்து."

"மருந்தா? இது பழ விதை ஐயா" என்றார் சேனாதிபதி. "போருக்குப் போனபோது இந்த மரத்தடியில்தான் கூடாரம் அடித்தேன்."

பேரரையர் விடுவாரா? "எங்கள் வீட்டில் விருந்துக்கு விருந்து இதைத்தான் வைப்பார்கள்" என்று ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்றார். "ஆகா! நல்ல இனிப்பு. பக்குவம் கொஞ்சம் போதாது."

எல்லோரும் சொல்லும்போது ராஜா மட்டும் சும்மா இருக்க முடியுமா? "நாமும் சிறுவயதில் நிறையச் சாப்பிட்டிருக்கிறோம்" என்றார்.

குழைக்காதர் தட்டை ஆவுடையம்மையிடம் நீட்டினார். "அம்மா, நீங்கள் சொல்லுங்கள்."

ஆவுடையம்மை ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். "எனக்குத் தெரியாது. கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள், கரைத்துப் பார்ப்போம்."

"தெரியாதாம்! இவர்தான் தலைமை ஆசானாம்!" என்று சபை கெக்கலித்தது.

கிண்ணத்தில் தண்ணீர் வந்தது. மஞ்சள் கரைந்தது, தேன் கரைந்தது. மிச்சம் இருந்ததை ஆவுடையம்மை விரலால் நசுக்கினார். புல் துணுக்குகள் மேலே மிதந்து வந்தன.

"இப்போது தெரிகிறது மகாராஜா. இது ஆட்டுப் புழுக்கை."

பேரரையர் மென்றதைத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். ராஜாவை நிமிர்ந்து பார்க்க ஒருத்தருக்கும் தைரியம் இல்லை.

குழைக்காதர்தான் பேசினார். "மகாராஜா, பூவரசங்கரையில் ஒரு வழக்கம் உண்டு. மாணவன் யாரை வேண்டுமானாலும் வழியில் நிறுத்திச் சந்தேகம் கேட்கலாம். செக்கு ஆட்டுகிறவரானாலும் சரி, தலைமை ஆசானானாலும் சரி, தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, கூட உட்கார்ந்து தேட வேண்டும். அந்த ஊரில் அது அவமானம் இல்லை. நம் பட்டணத்தில் வழி கேட்டால்கூடத் தெரியாது என்று சொல்ல ஆள் இல்லை. சுவடியை வண்டியில் ஏற்றலாம். இந்த வழக்கத்தை எதில் ஏற்றுவது?"

ராஜா கிண்ணத்தை எட்டிப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நிறையச் சாப்பிட்டேன் என்றேனே, ஐயோ!" கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். "என் சபை தோற்றது, நானும் தோற்றேன். என் பட்டணம் நீளத்திலும் அகலத்திலும்தான் பெரியது. பள்ளி பூவரசங்கரையிலேயே இருக்கட்டும். குழைக்காதரே, இந்த முத்துமாலை உமக்கு."

இதை எழுதும்போதுகூட எனக்கு மார்பு நிமிர்கிறது.

"அம்மா, என் மகனை உங்களிடம் அனுப்புகிறேன். இந்தப் பேரரையரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவருக்குத்தான் படிப்பு அவசரமாக வேண்டும்" என்றார் ராஜா.

"தாராளமாக. ஆனால் பெரியவர்களைச் சேர்ப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்பது வழக்கம்" என்ற ஆவுடையம்மை பேரரையர் பக்கம் திரும்பினார். "ஐயா, எங்களிடம் என்ன கற்றுக்கொள்ள வருகிறீர்கள்?"

பேரரையர் வாயைத் துடைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தினார்.

"எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!"

இளவரசர் மட்டும் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தார்.