கிளையை ஆட்டிய அணில்

பரபரவென்று ஒரு கிளையில் சின்னக் கால்கள் ஓடும் சத்தம். எத்தனையோ கோடைகள் போய்விட்டன. இருளாயி என்ற பழந்தின்னி வௌவாலுக்கு அது இன்னும் மறக்கவில்லை.

அப்போது குளத்தங்கரை மருதமரம் நிறைய வௌவால்கள் தொங்கின. அவற்றுக்குப் பகல்தான் இரவு. வெயில் ஏறினால் தூங்க வேண்டும். இருட்டினால் இரை தேடப் பறக்க வேண்டும். இருளாயியின் தலைச்சன் குட்டி மின்னிக்கு மட்டும் அது புரியவில்லை. பால் குடிக்கும், கண்ணை மூடும், சற்று நேரத்தில் "கீ... கீ..." என்று அழும். ஒரு பகலுக்கு நான்கு முறை!

"ஏண்டி இருளாயி, உன் பிள்ளைக்கு வாயை மூடவே தெரியாதா?" என்று மேல்கிளைக் கிழ வௌவால் முணுமுணுத்தது.

இருளாயி கூசிப்போனது. 'எப்படியும் எழுப்பத்தான் போகிறது. இந்தத் துண்டுத் தூக்கம் எதற்கு? தூங்காமலே இருந்துவிடலாம்' என்று முடிவு செய்தது.

அந்த மரத்துப் பொந்தில் மூவரி என்ற அணில் வசித்தது.

"அக்கா, கண் இரண்டும் சிவந்து கிடக்கிறதே! கொஞ்சம் தூங்கேன். நான் பகலெல்லாம் விழித்துத்தானே இருக்கிறேன்? குட்டியைப் பார்த்துக்கொள்கிறேன்."

"நீயா? பறக்கத் தெரியுமா உனக்கு? பால் கொடுப்பாயா?"

"இரண்டும் முடியாது. ஓடத்தான் தெரியும்!"

"போதும், போ. என் பிள்ளைக்கு நான் விழிக்காமல் யார் விழிப்பது?"

மூன்று பகல்கள் இருளாயி கண்ணே மூடவில்லை. மூன்றாம் நாள் மாலை, மார்பில் மின்னியைச் சுமந்துகொண்டு, அக்கரை இலுப்பைத் தோப்புக்குப் பறந்தது. நடுக்குளத்தில் அதன் கண்கள் ஒரு நொடி செருகின.

தொபுக்!

சிறகுகளால் தண்ணீரைத் தள்ளித் தள்ளி இருளாயி கரை சேர்ந்தது. குட்டி ஒற்றை நகத்தால் தாயின் மயிரைப் பற்றியிருந்தது. சத்தமே இல்லை. இருளாயி நக்கியது. மறுபடி நக்கியது. வெகுநேரம் கழித்து, "கீ..." என்றது மின்னி.

நான்கு முறை கேட்டு வெறுத்த அந்த அழுகைக்காக, இருளாயி அன்று அழுதது.

விடிந்ததும் பொந்தருகே போய்க் கேட்டது. "மூவரி, உன்னால் என்ன முடியும் என்றாய்?"

"ஓட முடியும், அக்கா!"

மின்னி அழுதது. மூவரி கிளையின் நுனிவரை ஓடித் திரும்பியது. கிளை மெல்ல ஆடியது. குட்டி அடங்கியது!

"பசித்து அழுதால்?"

"ஆட்டியும் நிற்காவிட்டால் பசிதான். அப்போது உன்னை எழுப்புகிறேன். இப்போது தூங்கு!"

அன்றும் மின்னி நான்கு முறைதான் அழுதது. மூவரி தாயை எழுப்பியது இரண்டே முறை.

"யாரடி மரத்தை ஆட்டுவது?" என்று கிழ வௌவால் சீறியது. பிறகு, "ம்... சுகமாகத்தான் இருக்கிறது" என்று தானும் தூங்கிப்போனது.

இருளாயிக்கு அதன் பிறகும் முழுத் தூக்கம் கிடைக்கவில்லை. ஆனால் குளத்தைக் கடக்கும் அளவுக்குக் கிடைத்தது.

பிள்ளையைச் சுமப்பவர், கிடைக்கிற துண்டுத் தூக்கத்தையும், உதவிக்கு வருகிற சின்னக் கால்களையும் வேண்டாம் என்று தள்ளக் கூடாது.

மின்னி இப்போது தானே குளத்தைக் கடக்கிறது. மூவரிதான் இல்லை; அந்த நாளுக்குப் பின் நான்காவது கோடை வருமுன்பே அது இறந்துவிட்டது.