இருபது அறைகளின் வெந்நீர்க் குழாய்

"மேடம், இந்த மிரர் கமாண்டை எனக்கு எதுக்குச் சொல்லிக் குடுத்தீங்க?"

வணக்கம்கூடச் சொல்லாமல் இப்படித்தான் உள்ளே வந்தார் தணிகாசலம்.

வயது ஐம்பத்திரண்டு. கட்டடங்களில் தண்ணீர்க் குழாய் எங்கெங்கே போக வேண்டும் என்று வரைந்து கொடுப்பவர். அதைக் கம்ப்யூட்டரில் வரையக் கற்றுக்கொடுத்த ஜெசிந்தாவுக்கு முப்பதுதான். இருந்தாலும் குரு குருதான்.

"உட்காருங்க சார். என்ன ஆச்சு?"

"பார்வையில்லாத பொண்ணுங்க தங்குற விடுதி, மேடம். இருபது ரூம். ஒரே ஒரு ரூமுக்குக் குழாய் வரைஞ்சேன். மிரர் போட்டேன், கண்ணாடியில தெரியுற மாதிரி பக்கத்து ரூம் வந்துடுச்சு. அந்த ஜோடியை காப்பி பண்ணேன். இருபதும் முடிஞ்சுது."

"எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனீங்க?"

"நாலரைக்கே. பஜ்ஜி வாங்கிட்டுப் போனேன்."

பஜ்ஜி நன்றாகத்தான் இருந்திருக்கும்.

"அப்புறம்?"

"பாதி ரூம்ல வெந்நீர் இடது பக்கம். மிரர் போட்ட பாதியில வலது பக்கம். சுகந்தின்னு ஒரு பொண்ணு அஞ்சாம் ரூம்லேருந்து ஆறுக்கு மாறியிருக்கா. பச்சைத் தண்ணின்னு நெனச்சு வலது குழாயைத் திறந்து கையை நீட்டிட்டா."

ஜெசிந்தா கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

"புள்ளி எழுத்தைத் தடவிப் படிக்கிற விரல், மேடம்."

"ஆறிடுச்சா?"

"ஆறிடுச்சு. ஆனா புள்ளி தட்டுப்படலையாம்."



"குழாயை மாத்தியாச்சா?"

"எல்லாம் மாத்தியாச்சு. பிளம்பரையும் மாத்தியாச்சு. பழைய ஆள் சிக்கந்தர் பாய். படத்துல இருந்தபடியேதான் மாட்டினார் மனுஷன். இப்போ 'பைப்பை மாத்தி மாட்டினவன்'னு பேரு. யாரும் வேலைக்குக் கூப்பிடறதில்ல."

"விடுதியில விசாரிச்சப்போ நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"என்ன சொன்னீங்க?"

தணிகாசலம் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். வியர்வை ஒன்றும் இல்லை.

"படம் வச்சிருக்கீங்களா?"

சட்டைப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்துக் கொடுத்தார். ஜெசிந்தா படத்தைத் திறந்து, மவுஸை அவர் பக்கம் தள்ளினாள்.

"சிக்கந்தர் பாய் பேரு இதுல எங்க இருக்கு? காட்டுங்க."

"மேடம்…"

"காட்டுங்க சார்."

உருட்டினார். அறை அறையாகப் போனார். வலது மூலையில் ஒரு சின்னக் கட்டம். வரைந்தவர்: தணிகாசலம்.

ஜெசிந்தா மவுஸை வாங்கினாள். படம் முழுவதையும் பிடித்து மிரர் போட்டாள்.

இருபது அறைகளும் புரண்டன. கதவுகள் புரண்டன. இடது குழாய்களெல்லாம் வலது பக்கம் தாவின. மூலைக் கட்டமும் இடது கோடிக்கு வந்துவிட்டது. அதற்குள் பெயர் மட்டும் முன்போலவே நேராக, படிக்கும்படியாக நின்றது.

"இது திரும்பலையே?"

"எழுத்து திரும்பினா அசிங்கமா இருக்குன்னு, திரும்பாம இருக்க வழி கேட்டு வச்சுக்கிட்டது நீங்கதானே?"

தணிகாசலம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தரம் மிரர் போட்டுப் பாருங்க, மேடம்."

"எத்தனை தரம் போட்டாலும் அது திரும்பாது சார். நீங்கதான் அந்த விடுதிக்குத் திரும்பிப் போகணும்."